அவர் பேரில் ஓர் ஓ.பி. சீட்டு

எங்கள் அலுவலகத்தில் தற்கொலைத் தடுப்புக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்ட வருடத்தில், செத்துப்போனால் என்ன என்று தினமும் யோசித்துக்கொண்டிருந்தவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் கதை விடுகிறான் என்பீர்கள்.

நடந்தது போர்ட் பிளேரில். ஊர்ப்பேரை மாற்றிவிட்டார்கள், பலகைகள் எல்லாம் மாறிவிட்டன, எங்கள் வாய்தான் இன்னும் மாற மாட்டேன் என்கிறது. நான் இங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். தற்கொலையைத் தடுப்பது பற்றி மேலிடத்திலிருந்து ஒரு கொள்கை வந்தது. ஆண்கள்தான் அதிகம் சாகிறார்கள், ஆண்கள்தான் வாயைத் திறப்பதில்லை, ஆகையால் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு நோடல் ஆளை, அதாவது பொறுப்பாளரை, நியமித்துக் கவனிக்க வேண்டும் என்றது. எங்கள் அதிகாரி அதை வாசித்துவிட்டு, "இதுக்குக் குஷியான ஆளாப் பார்த்துப் போடணும்" என்று ஹிந்தியில் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அலுவலகத்தில் ஜோக் அடிக்கிறவன் நான்தானே. சரி, போடுங்கள் என்றேன். வேறென்ன சொல்வது? மன்னிக்க வேண்டும் ஐயா, எனக்கே அந்த எண்ணம் இருக்கிறது என்றா?

என்ன காரணம் என்று கேட்பீர்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும், நம் ஊர் அப்படி. கடனில்லை, சண்டையில்லை, கள்ளக்காதல் இல்லை. இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒன்று இருந்திருக்கும். மகள் பிளஸ் ஒன் போனாள். எங்கள் தீவில் அந்த வயது வந்துவிட்டால் பிள்ளையை மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், கோச்சிங்குக்கு. கூடவே அம்மாவும் போவாள். சம்பாதிக்கிற ஆண் குவார்ட்டர்ஸைக் காவல் காத்துக்கொண்டு இங்கேயே இருப்பான். என் மனைவியும் மகளும் திருச்சிக்குப் போனார்கள். இதில் யாரைக் குறை சொல்ல? நான்தான் அழைத்துப்போய் வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே ஐந்தரைக்கே இருட்டிவிடும். எங்கள் குடியிருப்பில் அந்த நேரத்துக்குப் பால்கனிக்குப் பால்கனி ஒரு பனியன் நிற்கும். ஒவ்வொரு பனியன் காதிலும் ஒரு போன். மலையாளத்தில், பெங்காலியில், தெலுங்கில், தமிழில் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்: சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நானும் சொல்வேன். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." "என்ன?" "சாம்பார்." பெரும்பாலான நாளில் சாம்பாரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வாயில் வைத்தால் மண்ணாக இருந்தது. தூக்கம் போயிற்று. குளிக்கப் போவதற்கே யாரோ பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. அப்புறம் அந்த நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். எப்படி, என்ன என்றெல்லாம் யோசித்ததைச் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். அன்றைக்குச் சொன்னதில் எனக்கு உடனே விளங்கியது அது ஒன்றுதான்.

அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்களுக்கான பயிற்சி. எல்லா அலுவலகத்துக்கும் சொல்லி அனுப்பினோம். எல்லா அலுவலகமும் பெண்களை அனுப்பிவைத்தது. ஆண்களுக்கு வேலை இருந்ததாம். மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வந்த பயிற்சியாளர், "ஆண்களும் அழலாம், அதில் வெட்கமே இல்லை" என்று மைக்கில் உருக்கமாகச் சொன்னார். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஆமாம், ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினார்கள். சுவரில் நான் ஒட்டிய போஸ்டர்களும் மெயின்லேண்டிலிருந்து வந்தவைதான். ரயில் நிலைய பெஞ்சில் ஒருவன் சோகமாக உட்கார்ந்திருப்பான், இன்னொருவன் தோளைத் தொடுவான். இந்தத் தீவுகளில் ரயிலே கிடையாது. இருந்தாலும் ஒட்டினேன், நான்கு மூலையிலும் செல்லோடேப் போட்டு.

எங்கள் அலுவலகத்து ஆண்கள் சிலர் கடைசி வரிசையில் இருந்தார்கள், கையெழுத்துக்காகவும் சமோசாவுக்காகவும். பயிற்சியாளர், சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காதீர்கள், சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் யாரும் செத்துப்போவதில்லை என்றார். அப்புறம் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து கேட்டுப் பழகச் சொன்னார். எனக்கு எதிரில் எங்கள் கணக்குப் பிரிவின் மதுரைக்காரர் உட்கார்ந்தார். மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. "நீங்க சாகணும்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவரைவிட அதிகமாகவே சிரித்தேன். பயிற்சியாளருக்கு மறுநாள் ஹேவ்லாக் தீவைச் சுற்றிப் பார்க்க போட் டிக்கெட் இருந்தது, சீக்கிரம் முடித்துவிட்டார். கடைசியில் நான் மேடையேறி உறுதிமொழி வாசித்தேன்: உதவி கேட்கத் தயங்க மாட்டேன். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். என் குரல் கணீர் என்று இருந்ததாக அதிகாரி பாராட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஒட்டிய போஸ்டரிலிருந்த உதவி எண்ணுக்கு நானே போன் செய்தேன். எடுத்த பெண் அன்பாகத்தான் பேசினாள். எங்கேயிருந்து சார் என்றாள். அந்தமான் என்றேன். "அய்யோ, அந்தமானா சார்!" என்று ஒரு சந்தோஷம், பாவம், சின்னப் பெண், அடக்க முடியவில்லை. உடனே சுதாரித்துக்கொண்டு, "சொல்லுங்க சார், கேக்கறேன்" என்றாள். நான் இங்கே நோடல், நம்பர் வேலை செய்கிறதா என்று பார்த்தேன் என்றேன். போனை வைக்கும் முன் அவள் சொன்னாள்: "செக் பண்றதுக்கு இல்லன்னாலும் வேலை செய்யும் சார். எப்ப வேணா கூப்பிடுங்க." சாமர்த்தியக்காரி. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை. நோடலுக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா, வெங்காயம்!

இடமாற்ற சீசன் வந்தது. நிக்கோபாருக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றால் எங்கள் அலுவலகமே ஆஸ்பத்திரி ஆகிவிடும். ஒருவருக்கு முதுகுத்தண்டு, ஒருவருக்கு மாமியாரின் கண், ஒருவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது; தீவில் பிறந்தவருக்குத்தான் கடல் ஒத்துக்கொள்ளாது. கார் நிக்கோபாரில் குறையொன்றும் இல்லை, அழகான இடம், நல்ல ஜனங்கள். ஆனால் கப்பல் எப்போது வரும், எப்போது திரும்பும் என்று தெரியாது, வேலைக்குப் போகிற நமக்கு அங்கே வீடும் கிடையாது, உறவும் கிடையாது. அதிகாரி வருடா வருடம் கூட்டம் போட்டு, "விருப்பப்பட்டுப் போகிறவர் யாராவது உண்டா?" என்று கேட்பார். அது சும்மா ஒரு சம்பிரதாயம். எல்லாரும் தரையைப் பார்ப்போம். பிறகு அவரே ஒரு தலையைத் தேர்ந்தெடுப்பார்.

அந்த வருடம் நான் கை தூக்கினேன்.

யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓரமாகப் போய்விடலாம் என்று மனதில் ஒரு கணக்கு. அதிகாரிக்கு நம்பவே முடியவில்லை. கூட்டமே கைதட்டியது. அத்தனை பேருடைய முதுகுத்தண்டும் ஒரே நொடியில் குணமாகிவிட்டது. மதுரைக்காரர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கைதட்டாமல் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தவர் ஒருவர்தான், கச்சால்காரர்.

அவர் இடமாற்றம், விடுப்பு பார்க்கிற பிரிவில் இருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபார் பக்கத்துக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். அதனால் அந்தப் பேர். எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. எனக்குப் புழுங்கும்போது ஃபேனை நிறுத்துவார். அடுத்தவன் டிபன் பாக்ஸைத் திறந்து, "என்னா, இன்னைக்கும் உருளைக்கெழங்கா?" என்பார். ஊர் வம்பு ஒன்று விடமாட்டார். அன்றைக்கு மாடிப்படியில் என்னை மறித்தார்.

"சார், வூட்ல ஏதும் சண்டையா?"

"இல்லையே."

"அங்க ஏதும் பிளாட்டு கீட்டு வாங்கிப் போட்டிருக்கீங்களா?"

"நிக்கோபார்ல நமக்கு எவன் சார் பிளாட் விப்பான்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். அங்கேருந்து தப்பிச்சு வரணும்னு அழுதவன எல்லாம் பாத்திருக்கேன் சார். அங்க போறேன்னு ஒருத்தன் தானாக் கை தூக்கி இந்த சீட்ல உக்காந்து நான் பாத்ததே இல்ல."

போங்க சார், உங்களுக்கு வேற வேலையில்ல என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். கையில் ஒரு பையோடு கச்சால்காரர். ஜங்லிகாட் மார்க்கெட்டில் சூரை மீன் மலிவாகக் கிடைத்தது, வீட்டில் எல்லாரும் அய்யப்ப மாலை, சமைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து அடுப்படியில் நுழைந்துவிட்டார். மாலை போடுகிற மாதமே இல்லை அது. கத்தி மொண்ணை என்று திட்டினார், மிளகாய்த்தூள் டப்பா காலி என்று திட்டினார், பக்கத்து பெங்காலி வீட்டில் போய் வாங்கி வந்தார். எனக்கு எரிச்சலான எரிச்சல். மீன் எண்ணெயில் பொரிகிறது. அவர் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"யோவ், சாகலாம்னு இருக்கியா?"

பதினெட்டு ஸ்லைடு போட்டு அந்தப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். இந்த மனுஷன் அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட கையோடு சமோசாவை எடுத்துக்கொண்டு நழுவியவர். அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். பொய் சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமா" என்று வந்துவிட்டது.

அவர் திரும்பவில்லை. "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மீனத் திருப்பிப் போடு, அடி புடிக்குது" என்றார். நான் எங்கே திருப்ப? சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அவரே திருப்பிப் போட்டார். ஒரு பக்கம் கரிந்திருந்தது. அந்தப் பக்கத்தை அவர் தின்றார்.

அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஆடிட் வேலை என்று மனைவிக்குப் போன் செய்துவிட்டு ஹாலில் பாயைப் போட்டுப் படுத்தார். விட்டார் பாருங்கள் ஒரு குறட்டை, மோட்டார் போட் தோற்றது. அந்தச் சத்தத்தில் எனக்கு எப்படித் தூக்கம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார் எழுந்ததும். நான் முடியவே முடியாது என்றேன். எங்கள் ஊரில் சளிக்கு மாத்திரை வாங்கினால் மத்தியானத்துக்குள் வடகோடித் திக்லிபூரில் இருக்கிற சகலை போன் செய்து, சளி எப்படி என்பார். மனநல டாக்டர் அறை வாசலில் வரிசை. கையில் சீட்டு. சீட்டைப் பார்த்துப் பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுவார்கள். தற்கொலைத் தடுப்பு நோடலின் பேர் அங்கே ஒலித்தால் தீவுக்கே ஒரு மாதத்துக்குச் சிரிப்பு. அதைவிட...  என்று ஆரம்பித்தேன். "வாய மூடு" என்றார். பல் துலக்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"சரி, அப்ப நான்தான் பைத்தியம். நீ தொணைக்கு வா."

சொன்னபடியே செய்தார். ஓ.பி. சீட்டைத் தன் பேரில் வாங்கினார். வரிசையில் முன்னால் அவர், பின்னால் துணைக்கு நான். கப்பல் டிக்கெட் கவுண்டர்காரர் பார்த்தார். கச்சால்காரரின் குடியிருப்புப் பெண்கள் இருவர் பார்த்தார்கள். இவர் ஒளிந்தாரா? அதுதான் இல்லை. சுவரை வெறித்துப் பார்ப்பதும், பெருமூச்சு விடுவதும், நடுவில் ஒரு தரம் தனக்குத்தானே சிரித்துக்கொள்வதுமாக ஒரே அமர்க்களம். "போதும் சார், ஓவராப் போகுது" என்று காதில் சொன்னேன். "கம்முனு கெட, தொணைக்கு வந்தவன் தொணைக்கு வந்தவனாட்டம் இரு" என்றார். அவர் பேரை இரண்டு தரம் உரக்கக் கூப்பிட்டார்கள்.

உள்ளே டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்றார். கச்சால்காரர் மோவாயால் என்னைக் காட்டினார். டாக்டர் ஆச்சரியமே படவில்லை. புதிதாக ஒரு சீட்டு எடுத்து என் பேரை எழுதினார். அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, என்னை உட்கார வைத்து, கேட்டார். ஒரு கிண்டலில்லை, ஓர் உபதேசமில்லை. இது வியாதிதான், குணமாகும், மாத்திரை இருக்கிறது, வாரா வாரம் வந்து பேசு, வீட்டில் சொல் என்றார்.

அன்று சாயங்காலம் பால்கனியில் பனியனோடு நின்றேன். "சாப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி போனில். "இல்ல" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு ஃப்ளைட்டில் வருகிறேன் என்றாள். பிள்ளைக்கு கிளாஸ் இருக்கிறதே என்றேன். "கெடக்குது கழுதை கிளாஸ்!" என்று ஓர் அதட்டல். கல்யாணமான நாளிலிருந்து அவள் திட்டி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இதற்குள் செய்தி கப்பலேறிவிட்டது. கச்சால்காரருக்கு மனசு சரியில்லையாம், பாவம், ஆஸ்பத்திரியில் தானாகச் சிரித்தாராம். அதிகாரி என்னை அவசரமாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். "நீங்கள் நோடல். அவரைத் தனியாக விடாதீர்கள். கொள்கையில் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் நிக்கோபார் ரத்து. நீங்கள் இங்கே இருந்தாக வேண்டும்." நான் போய்க் கச்சால்காரரிடம், உங்களைக் கண்காணிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு என்றேன். "ஒழுங்காக் கண்காணி. மத்தியானம் டிபன்ல முட்டை எடுத்துட்டு வா" என்றார். அவர் மனம் நோகக் கூடாது என்று அலுவலகமே அவர் சொன்ன ஸ்பீடில் ஃபேன் போட்டது. அவரும் அனுபவித்தார். வாரா வாரம் அவர் சீட்டு வாங்குவார், நான் துணைக்குப் போவேன், மருந்து நான் சாப்பிடுவேன். மெல்ல மெல்லச் சோறு சோறாயிற்று. மனைவி ஒரு மாதம் இருந்துவிட்டு, தினமும் என்ன சாப்பிட்டேன் என்று போட்டோ அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு திரும்பிப் போனாள்.

எல்லாம் சுகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் மார்க்கெட்டில் கச்சால்காரரின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, நீங்கதான் கூடவே போறீங்க. அவருக்கு என்னாண்ணே? எங்கிட்ட ஒண்ணும் இல்லங்கிறாரு. திக்லிபூர்ல பெரியவனுக்குப் பொண்ணு பேசியிருந்தோம். இப்ப அவங்க கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லிட்டாங்க. அப்பனுக்கு இருந்தா புள்ளைக்கும் வரும்னு யாரோ சொன்னாங்களாம்."

கட்டினவளிடம்கூடச் சொல்லவில்லை அந்த ஆள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நேரே போய்க் கேட்டேன். ஃபேனைப் பார்த்தபடி, "பொம்பளைங்க கிட்ட சொன்னா தீவு பூரா பரவிப்பூடும்" என்றார். யார், ஊர் வம்பு ஒன்று விடாத இந்த மகான்! அப்புறம் குரலை இறக்கி, "அந்தப் பொண்ணு இல்லாட்டி வேற பொண்ணு வரும்யா. நீ இல்லாட்டி?" என்றார்.

அடுத்த வருடத் தற்கொலைத் தடுப்பு விழா வந்தது. அதே கூடம், அதே ரயில் நிலைய பெஞ்ச், அதே சமோசா. இந்தத் தடவை ஆண்களும் நிறைய வந்திருந்தார்கள், பாராட்டு விழா என்பதால். சக ஊழியர் ஒருவரின் உயிரைக் காத்ததற்காக எனக்குச் சான்றிதழ். சக ஊழியர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நான்தான் இருவரும் வந்தே ஆக வேண்டும் என்று அழைத்திருந்தேன். மைக்கைப் பிடித்தேன். ஜோக் சொல்வேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஆள் மாறிப்போச்சு" என்று ஹிந்தியில் ஆரம்பித்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். "சாக இருந்தது நான். காப்பாத்தினது அவர். ஒரு வருஷமா சீட்டு அவர் பேர்ல, வியாதி என் பேர்ல. இப்பவும் மாத்திரை சாப்பிடறேன். அவருக்கு ஒரு குறையும் கிடையாது, குறட்டையத் தவிர." அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வாசகம் எல்லாம் சரிதான், பேரை மட்டும் மாற்ற வேண்டும். கச்சால்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடுத்த நொடி புருஷன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அந்தக் கூடத்தில் அன்றைக்கு விழுந்த உருப்படியான கைதட்டல் அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் அவர் என்னைப் பிடித்து உலுக்கினார். "யோவ், ஒரு வருசமாக் கஷ்டப்பட்டு வாங்கின பேரு. ஒரே நிமிசத்துல புடுங்கிட்டியே. இனிமே எவன்யா எனக்கு ஃபேன் போடுவான்?" கண்ணெல்லாம் தண்ணீர். நானும் அழுதேன். ஆண்களும் அழலாம், அதுதான் மைக்கிலேயே சொன்னார்களே.

மறுநாள் என்னைப் பார்த்ததும் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் ரொம்ப மெதுவாகப் பேசினார்கள், எனக்கு என்னவோ காது கேட்காது என்பதுபோல. அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். எதிர்பார்க்காதது, சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மாடிப்படியில் மதுரைக்காரர் நின்றிருந்தது. அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அந்த டாக்டரு எந்தெந்தக் கெழமை இருப்பாரு சார்?" என்றார். உடனே, "எனக்கில்ல. எம்மச்சினனுக்கு" என்றார்.

அவர் மனைவி வீட்டுக்கு ஒரே பெண். கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. இந்தத் தீவில் இது யாருக்குத்தான் தெரியாது?

"நாளைக்குக் காலையிலயே இருப்பாரு" என்றேன். "மச்சினன் துணைக்கு நீங்க வாங்க. சீட்டு என் பேர்லயே போட்டுக்கலாம்."